அத்தான் ஒட்டவைத்த இரண்டு கம்பிகள்

பிரியமுள்ள அத்தானுக்கு,

நீங்கள் போய் ஒன்றரை வருடம் ஆகிறது. இத்தனை நாளில் உங்களுக்காக நான் எழுதியதெல்லாம் மனுக்கள்தான். வாரிசுச் சான்று, குடும்ப ஓய்வூதியம், ரேஷன் கார்டில் பெயர் நீக்கம், மின் இணைப்பில் பெயர் மாற்றம். உங்கள் பெயருக்கு முன்னால் ‘காலஞ்சென்ற’ என்று எழுதி எழுதிக் கை பழகிவிட்டது. கங்கைகொண்டான் தொழிற்சாலையில் ஷிப்ட் முடித்து, குளிக்கக்கூட நேரமில்லாமல் ஏதாவது ஓர் அலுவலக வரிசையில் போய் நிற்பேன். கடைசி மனு போன மாதம்தான் முடிந்தது. இனிக் கொஞ்சம் காலை நீட்டி உட்காரலாம் என்று நினைத்த அன்றைக்குக் கோமதி அக்கா கூப்பிட்டாள்.

“ஏலே சங்கரா, ஞாயித்துக்கெழம பாளையங்கோட்டைக்கு வந்துட்டுப் போ. அத்தான் ரெக்கார்டு பிளேயரக் கொஞ்சம் பாக்கணும்.”

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு வர மனசில்லை. அலுப்பு ஒரு காரணம். இன்னொரு காரணத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை. உங்களுக்காக அலைந்ததையெல்லாம் அக்காவுக்காகத்தான் செய்தேன். உங்கள் மேல் எனக்கு வருத்தம் இருந்தது. நீங்கள் இறந்த பிறகும் அது போகவில்லை.

நடந்தது இதுதான். உமா அந்த ரெக்கார்டு பிளேயரைச் சென்னைக்குக் கொண்டுபோக ஆசைப்பட்டாள். உங்கள் மகளுக்கு அப்பாவின் பொருள் என்று ஒன்று வேண்டியிருந்தது. பழைய டர்ன்டேபிள்களைச் சீர்செய்கிற ஒருவரைக் கோயம்புத்தூரில் கண்டுபிடித்திருந்தாள். அவர் ஒரு நிபந்தனை போட்டாராம். பெட்டியை அனுப்புவதற்கு முன், விவரம் தெரிந்த ஒருவர் அதைத் திறந்து பார்த்து, எது நன்றாக இருக்கிறது, எது போய்விட்டது என்று படத்தோடு எழுதி அனுப்ப வேண்டும். அதுவரை யாரும் கரண்ட் கொடுக்கக் கூடாது.

அக்காவோ முதலில் ஒரேயடியாக மறுத்துவிட்டாள். “அது இங்கனயே கெடக்கட்டும்.” அம்மாவும் மகளும் இரண்டு வாரம் போனில் பேச்சில்லாமல் இருந்திருக்கிறார்கள். கடைசியில் அக்கா, “ஒங்க மாமா பாத்துச் சொல்லட்டும்” என்று என் தலையில் போட்டுவிட்டாள்.

அன்று காலை பத்து மணிக்கு டெஸ்டரும் மீட்டரும் பூதக்கண்ணாடியுமாக வந்தேன். நீங்கள் உட்காரும் அறை அப்படியே இருக்கிறது. பொதுப்பணித் துறையில் நீங்கள் வரைந்து வைத்த பாளையங்கால்வாய் மடைப் படம் சுவரில் தொங்குகிறது. ஜன்னல் ஓரத்தில் அந்த ஜப்பான் பெட்டி. தூத்துக்குடித் துறைமுகத்தில் ஒரு கப்பல்காரரிடம் வாங்கி, மடியில் வைத்தே பஸ்ஸில் கொண்டுவந்தேன் என்று எத்தனை முறை சொல்லியிருப்பீர்கள்? அக்கா அதன் மேல் உங்கள் வேட்டி ஒன்றைப் போர்த்தியிருந்தாள்.

தொழிற்சாலையில் பழைய இயந்திரம் எதையும் நான் உடனே ஓட்டிப் பார்க்க மாட்டேன். முதலில் கண், பிறகு கை, பிறகுதான் மீட்டர். இதற்கும் அப்படித்தான். மூடியின் கண்ணாடியில் நுண்கீறல்கள், விரிசல் இல்லை. மரப்பெட்டியின் பின்மூலையில் ஈரம் பட்டு மேல்தாள் எழும்பியிருந்தது, செல்லரிப்பு இல்லை. கரண்ட் வயரை வளைத்துப் பார்த்தேன், தோல் பொடிந்து உதிர்ந்தது. அன்றைக்கு யாராவது பிளக்கைச் செருகியிருந்தால் மொத்தமும் புகைந்திருக்கும். கோயம்புத்தூர்க்காரர் விவரமானவர்தான்.

இசைத்தட்டு வைக்கும் சுழல்தட்டைக் கையால் சுழற்றினேன். பாதிச் சுற்று வந்து நின்றது. தூக்கிப் பார்த்தால் பெல்ட் உருகித் தார் மாதிரி ஒட்டிக்கிடந்தது. நடு அச்சில் எண்ணெய் காய்ந்து மெழுகாகியிருந்தது, அச்சு தேயவில்லை. ஊசியைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ஒரு பக்கம் தேய்ந்து மழுங்கியிருந்தது. ஊசியைத் தாங்கும் கை மட்டும், அத்தான், இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் ஊதினால் அசைகிறது. நீங்கள் அதை யாரையும் தொட விட்டதில்லை.

இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்டே வந்தேன். பிறகு பெட்டியைக் கவிழ்த்து, துணி விரித்து, அடிப்பலகையைக் கழற்றினேன். ஊசிக்கையிலிருந்து வருகிற மெல்லிய கம்பிகள் அங்கேதான் முடிகின்றன. இடப்பக்க ஒலிக்கு வெள்ளை, வலப்பக்க ஒலிக்குச் சிவப்பு. தனித்தனியாக இருக்க வேண்டிய அந்த இரண்டையும் யாரோ சேர்த்து ஈயம் வைத்துப் பற்றவைத்திருந்தார்கள். இரண்டு பக்கமும் கலந்து ஒரே ஒலியாகத்தான் வெளியே வரும். நல்ல பெட்டியைக் கெடுத்துவிட்டான் என்று எனக்கு எரிச்சல் வந்தது.

“எந்தக் கிறுக்கன்கா இதச் செஞ்சது? டவுனுல யார்ட்டயும் ரிப்பேருக்குக் கொடுத்தீங்களா?”

அக்கா அடுப்படியிலிருந்து வந்து நின்றாள். கையில் நறுக்கிய வெண்டைக்காய் ஒட்டியிருந்தது. கம்பிகளைப் பார்த்தாள்.

“அது அத்தான் செஞ்சதுடே.”

“அத்தானா? அவுகளுக்கு இது தெரியாமலா இருக்கும்?”

“தெரிஞ்சுதான் செஞ்சாவ.” என் கையிலிருந்த தாளைப் பார்த்தாள். பிறகு, “அத எழுதாண்டாம் சங்கரா. மத்ததெல்லாம் எழுது” என்றாள்.

எழுதாமல் எப்படி முடியும்? அது குறை. குறையை மறைத்து அறிக்கை கொடுத்துப் பழக்கமில்லை எனக்கு. நான் விடாமல் கேட்டேன். அக்கா தரையில் உட்கார்ந்தாள். முழங்கால் வலியோடு அவள் தரையில் உட்காருவது இப்போதெல்லாம் அபூர்வம்.

“உமா பிளஸ் டூ படிக்கும்போது, அவ படிப்புக்கு எடஞ்சல் வேண்டாம்னு அத்தான் காதுல மாட்டிக்கிட்டுப் பாட்டுக் கேப்பாவல்லா? ஒருநா எடுத்து வச்சிட்டு, ரெக்கார்டு கெட்டுப்போச்சு கோமதி, மிருதங்கத்தையே காணோம்னாவ. எனக்கு மாட்டிவிட்டாவ. எனக்கு நல்லாத்தான் கேட்டுது. எடத வலதா மாத்தி மாட்டிப் பாத்தாவ. மிருதங்கம் வந்துட்டு. வயலின் போயிட்டு. அப்பிடியே உக்காந்துட்டாவ.”

அப்படித்தான் உங்களுக்குத் தெரிய வந்ததா, அத்தான்? வலது காது போய்விட்டது என்று? ஒரு வாரம் முன்னால் வந்த காய்ச்சல் கொண்டுபோயிருக்கலாம் என்று டாக்டர் சொன்னாராம். நரம்பு பட்டுப்போய்விட்டது, திரும்பாது, கருவி வைத்தும் பயனில்லை என்றாராம். பஸ்ஸில் வீட்டுக்கு வரும் வழியில், வண்ணாரப்பேட்டைப் பாலத்தில் பஸ் ஏறியபோது அக்காவிடம், “செவிட்டு இன்ஜினீயர்னு ஒருத்தன் வாயில வரக்கூடாது. உமாவுக்குக்கூடத் தெரியாண்டாம்” என்றீர்களாம். வீட்டுக்கு வந்து மறுநாள் பற்றவைக்கும் கோலைச் சூடு பண்ணி இரண்டு கம்பிகளையும் ஒன்றாக்கினீர்கள். வயலினும் மிருதங்கமும் இடது காதுக்கே வந்து சேர்ந்தன.

“அதுக்கப்புறம் ஒம்பது வருசம்” என்றாள் அக்கா.

ஒன்பது வருடம் அக்கா உங்கள் வலப்பக்கம் நின்றிருக்கிறாள். கல்யாண வீட்டில், கோயிலில், காரில், கடையில். அந்தப் பக்கமிருந்து யார் பேசினாலும் முந்திக்கொண்டு அவளே பதில் சொல்வாள். அல்லது, ‘பாருங்க, ஒங்கள்ட்டத்தான் கேக்காவ’ என்று கேள்வியை உங்களிடம் சத்தமாகத் திருப்பிச் சொல்வாள். நாங்கள் என்ன நினைத்தோம் தெரியுமா? வயதாக வயதாகக் கோமதிக்கு வாய் நீண்டுவிட்டது, புருஷனைப் பேசவே விடுவதில்லை என்று நினைத்தோம். சொந்தக்காரர்களுக்குள் அவளுக்கு ‘வக்கீல்’ என்று பட்டப்பெயர். அதை வைத்தது நான்தான், அத்தான். ஒரு பொங்கலன்று எல்லோர் முன்னாலும், “அக்கா, அத்தானுக்கும் வாய் இருக்கு, கொஞ்சம் பேச விடு” என்று சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். நீங்கள் என்ன நடந்தது என்று தெரியாமல் எல்லோரையும் பார்த்துச் சிரித்தீர்கள்.

கையிலிருந்த அடிப்பலகையைத் துணி மேல் வைத்தேன். பிறகு, கேட்கப் பயந்த கேள்வியைக் கேட்டேன்.

“அப்போ முருகன் நிச்சயதார்த்தத்துல...?”

“நான் உள்ள பொம்பளைங்களோட பூ எடுத்து வச்சிட்டிருந்தேன்லே. பக்கத்துல இல்ல.”

அந்த நாள் உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதோ என்னவோ. நான்கு வருடத்துக்கு முன்னால், டவுனில் ஒரு கல்யாண மண்டபத்தில் என் மகனின் நிச்சயம். பெண்வீட்டார் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். நாதஸ்வரம் முழங்குகிறது. நான் உங்கள் வலப்பக்கம் குனிந்து, “அத்தான், தட்டை நீங்கதான் மாத்தணும், எந்திரிங்க” என்றேன். நீங்கள் நேரே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். இன்னொரு முறை சொன்னேன். அசையவில்லை. சம்பந்தி என் முகத்தைப் பார்த்தார். நான் அவமானத்தோடு போய்ச் சித்தப்பாவை அழைத்துக்கொண்டு வந்தேன். தட்டு மாற்றி முடிந்ததும் உங்கள் முகம் வாடியிருந்தது. செய்வதையும் செய்துவிட்டு இது வேறா என்று நினைத்தேன்.

இப்போது யோசித்துப் பார்க்கிறேன். மூத்த மாப்பிள்ளை நீங்கள் உட்கார்ந்திருக்க, உங்களை ஒரு வார்த்தை கேட்காமல் சித்தப்பாவைக் கூப்பிட்டுவிட்டேன் என்றுதானே உங்களுக்குத் தோன்றியிருக்கும்? நான் உங்களை ஒதுக்கினேன் என்று நீங்களும், நீங்கள் என்னை மதிக்கவில்லை என்று நானும். அதற்குப் பிறகு உங்கள் வீட்டுப் படி ஏறுவதைக் குறைத்துக்கொண்டேன். வந்தாலும் வாசலோடு சரி.

அக்காவிடம் சத்தம் போட்டேன். “என்ட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லாக்கா?”

“சொல்லணும்னுதான் நெனச்சேன். அன்னைக்கு வீட்டுக்கு வந்து அத்தான், சங்கரன் என்னைய வேண்டாம்னு வச்சிட்டான் கோமதின்னு அழுதாவ. நீ கூப்பிட்டிருப்ப, ஒங்களுக்குக் கேட்டிருக்காதுன்னு சொன்னேன். கேட்டாவளா? சொன்னா ஊருக்கே தெரிஞ்சிரும், நீ போய் வாயத் தெறந்திராதன்னாவ. சத்தியம் வாங்கிட்டாவ. நான் என்னலே செய்ய?”

அவள் அழவில்லை. வெண்டைக்காய் காய்ந்து ஒட்டிய விரல்களைப் பார்த்துக்கொண்டு, “எனக்கு அலுத்துப்போச்சு சங்கரா” என்று மட்டும் சொன்னாள். அந்தச் சொல்லை அவள் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. ஒன்றரை வருடமாக அலுத்துப்போனவன் நான் ஒருவன்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இன்னொன்று உங்களிடம் கேட்க வேண்டும். ஆஸ்பத்திரியில் கடைசிக்கு முந்தின நாள், சாயங்காலம் நான் வந்தேன். அக்கா காபி வாங்கக் கீழே போயிருந்தாள். நீங்கள் கண் திறந்துதான் படுத்திருந்தீர்கள். நான் கட்டில் பக்கத்தில் நின்று, “அத்தான், நான் ஏதாவது தப்பா நடந்திருந்தா மனசுல வச்சுக்காதீங்க” என்றேன். நீங்கள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். திரும்பவில்லை. மன்னிக்க மாட்டார் போல என்று நினைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். அன்று நான் நின்றது எந்தப் பக்கம்? குளுக்கோஸ் எந்தக் கையில் ஏறியது? கட்டிலையும் ஜன்னலையும் மனசுக்குள் வைத்துத் திரும்பத் திரும்ப நின்று பார்க்கிறேன். சில நேரம் இடப்பக்கம் நின்ற மாதிரி இருக்கிறது. சில நேரம் வலப்பக்கம். உறுதியாகத் தெரியவில்லை. கேட்டுவிட்டுத்தான் பேசாமல் இருந்தீர்களா, கேட்கவே இல்லையா?

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அறிக்கையை எழுதி முடித்தேன். கம்பி விஷயத்துக்கு ஒரு வரி இடம் விட்டிருந்தேன். அக்கா தாளை வாங்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு, முழுவதும் படித்தாள். காலியாக இருந்த வரியைப் பார்த்தாள். பிறகு அவளே போனை எடுத்து உமாவைக் கூப்பிட்டாள். போனைக் கீழே வைத்து, என் காதிலும் விழட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள்.

“உமா, அப்பாவுக்கு வலது காது கேக்காது. நீ பிளஸ் டூ படிக்கையிலருந்தே கேக்காது.”

இவ்வளவுதான் சொன்னாள். முன்னுரை ஒன்றும் இல்லை. லைன் அறுந்துவிட்டதோ என்று நான் குனிந்து பார்த்தேன்.

“அதனாலதான் பேர் வைக்கிறப்போ...” என்று ஆரம்பித்து நிறுத்தினாள் உமா. உங்கள் பேரனுக்குப் பெயர் சூட்டிய நாளில் குழந்தையின் காதில் மூன்று முறை சொல்ல வேண்டிய பெயரை உங்களிடம் மெதுவாகச் சொல்லியிருக்கிறாள். நீங்கள் வேறு ஏதோ ஒரு பெயரைச் சொல்லிவிட்டீர்கள். அவள் மாமியார் வீட்டில் அது பெரிய பேச்சாகிவிட்டது. அப்பாவுக்கு என் பிள்ளை பெயரில்கூட அக்கறை இல்லை என்று அவள் மூன்று வருடமாக வைத்திருந்த வருத்தம் அது. எனக்கு அன்றுதான் தெரியும். உங்களுக்குத் தெரிந்திருக்குமா?

அழுது முடித்துவிட்டு உமா சொன்னாள். “மாமா, அந்தக் கம்பியை மட்டும் தொட வேண்டாம்னு எழுதுங்க. அப்பா கையால பண்ணது. பெல்ட்டும் ஊசியும் வயரும் மாத்தினா போதும். அது அப்படியே இருக்கட்டும்.”

எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. எழுதப் பேனாவை எடுத்துவிட்டேன்.

“வேண்டாம்” என்றாள் அக்கா.

நான் பேனாவைக் கீழே வைத்தேன்.

“பிரிச்சுரச் சொல்லு சங்கரா. எது எப்பிடி இருந்துதோ அப்பிடி ஆக்கிரச் சொல்லு. ஒம்பது வருசம் அவுகளுக்குக் காதா இருந்தாச்சு. அவுக கேக்கணுமேன்னு சேத்து வச்சத நானும் சேத்தே கேட்டுட்டிருந்தேன். எனக்கு ரெண்டு காதும் நல்லாத்தான் கேக்கு. இனி வயலின் ஒருபக்கமும் மிருதங்கம் ஒருபக்கமுமா நான் கேக்கேன். சென்னைக்கெல்லாம் அனுப்பாண்டாம். சரியாகி இங்கன வரட்டும். உமா வரும்போது இங்கன வந்து கேக்கட்டும்.”

“சரிம்மா” என்றாள் உமா. அந்த ‘சரிம்மா’வில் இரண்டு வாரச் சண்டையும் முடிந்துபோனது.

அக்கா சொன்னபடியே எழுதினேன். ‘இடம், வலம் இரண்டு கம்பிகளும் உரிமையாளரால் இணைக்கப்பட்டவை. பற்றவைப்பு சுத்தமாக இருக்கிறது. பிரித்து முன்போல் ஆக்கவும்.’ பற்றவைப்பு சுத்தமாக இருக்கிறது என்பது அறிக்கைக்குத் தேவையில்லாத செய்திதான். ஆனாலும் எழுதினேன். அவ்வளவு நேர்த்தியாகச் செய்திருந்தீர்கள்.

போன வாரம் பெட்டியைப் பஞ்சு வைத்துக் கட்டி, ஊசிக்கையை நூலால் பிணைத்து அனுப்பிவிட்டேன். இரண்டு மாதம் ஆகும் என்கிறார் கோயம்புத்தூர்க்காரர். அந்த ஜன்னல் ஓரம் காலியாகக் கிடக்கிறது. அக்கா அங்கே ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து பேப்பர் படிக்கிறாள். அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நான் வாரம் ஒருமுறை வருகிறேன். இப்போது வாசலோடு போவதில்லை. அவள் பேசுகிறாள், நான் கேட்கிறேன். ஒரு நாள் முழு மத்தியானமும் பேசினாள். இடையில் யார் பேச்சுக்கும் அவள் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அத்தான், உங்களிடம் கேட்காமல் ஒரு காரியம் செய்கிறேன். இந்தக் கடிதத்தை நம் சொந்தக்காரர்கள் எல்லோரும் படிக்கும்படி வெளியே கொடுக்கிறேன். நீங்கள் ஒளித்து வைத்ததை நான் ஊருக்குச் சொல்கிறேன். உங்களுக்குக் கோபம் வரும், எனக்குத் தெரியும். அக்காவிடம் கேட்டேன். அவள், “ஒன் இஷ்டம்” என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். வேண்டாம் என்று சொல்லவில்லை. உங்களை ஒருவரும் குறைவாக நினைக்க மாட்டார்கள், அத்தான். நினைத்தாலும் பரவாயில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. உங்கள் மானத்தைக் காப்பாற்ற அவள் தன் நல்ல பெயரைக் கொடுத்தாள். அதைத் திரும்ப வாங்கித்தர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

அடுத்த மாதம் சித்தப்பா பேத்திக்குக் கல்யாணம். எல்லோரும் வருவார்கள். கோமதி அக்காவை அந்தப் பட்டப்பெயர் சொல்லி யாராவது கூப்பிட்டால், நான் எழுந்து நின்று, அந்தப் பெயரை வைத்தவன் நான், அது பொய் என்று சொல்வேன். எல்லோருக்கும் கேட்கும்படி சொல்வேன். உங்களுக்கு இது என் வாக்கு.

இப்படிக்கு,
உங்கள் மனைவியின் தம்பி,
சங்கரன்